வேப்பில் கருகல் மணம் வந்தால்

கிளிநொச்சியில் ஓட்டோ ஓடும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சிகரட்டை நிறுத்தட்டும் என்று லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு வேப், அதுதான் மின்சிகரட், தந்துவிட்டுப் போனார். திரவம் ஊற்றிப் பாவிக்கிற வகை, மாம்பழச் சுவை. தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இழுத்தால் கருகல் மணம், தொண்டை எரிகிறது. வாட்டைக் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். திரவமும் முடியப்போகிறது. பார்மசியில் கிளிசரின் வாங்கி, கேக் எசென்ஸ் கலந்து செய்யலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரிவருமா? இல்லாவிட்டால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மச்சான் வரும்போது கொண்டுவரச் சொல்லவா? இது சிகரட் அளவுக்கு ஆபத்து இல்லை என்பது உண்மையா, மாஸ்ரர்?"

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருகல் மணம் வருகிற வேப்பை இன்றைக்கே கீழே வையுங்கள். வாட்டைக் கூட்டாதீர்கள். கிளிசரினும் எசென்சும் கலக்கிற யோசனையை மறந்துவிடுங்கள். ஏன் என்பதுதான் மிச்சப் பதில். நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன், வைத்தியன் அல்ல. ஆனால் உங்கள் கேள்வியில் முக்கால்வாசி இரசாயனம்தான்.

அந்தச் சாமானுக்குள் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு லித்தியம் பற்றரி, ஒரு சின்ன மின்சுற்று, திரவம் நிற்கிற ஒரு தாங்கி, அதன் அடியில் ஒரு கம்பிச்சுருள், சுருளைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொடுக்கிறது, சுருள் சூடாகி அதை ஆவியாக்குகிறது. திரவத்தில் இருப்பது புரோபிலீன் கிளைக்கோல், கிளிசரின், நிக்கொட்டின், சுவையூட்டி. வெளியே வருவது வெறும் நீராவி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆவியான கிளைக்கோலும் கிளிசரினும் திரும்பக் குளிர்ந்து உண்டான நுண்துளிகள்தான் அந்த வெள்ளைப் புகை.

புரோபிலீன் கிளைக்கோல் 188 பாகை செல்சியசில் கொதிக்கும். கிளிசரின் 290 பாகையில். பானையில் தண்ணீர் இருக்கும்வரை சோறு அடிப்பிடிக்காது, தண்ணீர் வற்றின பிறகுதான் கருகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சுருளும் அப்படித்தான். பஞ்சில் திரவம் இருக்கும்வரை, வெப்பத்தை அந்தத் திரவம் ஆவியாகிக்கொண்டே எடுத்துவிடும், சூடு ஓர் எல்லைக்குள் நிற்கும். பஞ்சு காய்ந்த அந்தக் கணத்தில் வெப்பத்துக்குப் போக இடம் இல்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சுருளின் சூட்டை நேரடியாக அளந்து பார்த்தார்கள். பஞ்சு வழியாகத் திரவம் வந்து நனைந்திருந்தபோது 145 முதல் 334 பாகை வரை. காய்ந்திருந்தபோது 322இல் தொடங்கி 1000 பாகையையும் தாண்டியது. சுருள் அதேதான். நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

அந்தச் சூட்டில் கிளிசரின் ஆவியாவதோடு நிற்காது, உடையும். ஒரு மூலக்கூறு கிளிசரினில் இருந்து இரண்டு மூலக்கூறு தண்ணீர் கழன்றால் மிச்சம் அக்ரோலீன். ஆய்வுகூடத்தில் கிளிசரினோடு பொற்றாசியம் ஐதரசன் சல்பேற்றைச் சேர்த்துச் சூடாக்கினால், முன்வாங்கில் இருக்கிற பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடுவார்கள். வடை சுடுகிற தாச்சியில் எண்ணெய் புகையத் தொடங்கும்போது கண்ணைக் கரித்து மூக்கில் ஏறுவதும் அதே அக்ரோலீன்தான். உங்கள் தொண்டை எரிகிறது என்றீர்களே, அதில் இதற்குப் பங்கு உண்டு. புரோபிலீன் கிளைக்கோல் உடைந்தால் போமல்டிஹைட், அசிற்றல்டிஹைட் என்று வேறு இரண்டு வரும். பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் பல்லியையும் தவளையையும் போட்டு வைத்திருக்கிற போமலின் போத்தல் ஞாபகம் இருக்கும், அது தண்ணீரில் கரைத்த போமல்டிஹைட். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வால் இதுபற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. ஒரே கருவியை 3.3 வோல்ற்றில் இயக்கினார்கள், போமல்டிஹைட் சார்ந்த சேர்வைகள் அகப்படவில்லை. 5 வோல்ற்றில் இயக்கினார்கள், நிறைய அகப்பட்டது. வோல்ற்று கூடினது ஒன்றரை மடங்குதான், ஆனால் வலு வோல்ற்றின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் சுருளுக்குப் போன வெப்பம் இரண்டு மடங்குக்கும் மேல். மற்றப் பக்கத்து ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. அந்த நிலையில் வாய்க்குள் வைக்க முடியாத கருகல் மணம் வரும், எந்த மனிதன் அதைத் தொடர்ந்து இழுப்பான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் ஒரு புதுச் சுருளைக் கடையில் வாங்கி மாட்டக்கூடிய ஊரில் இருந்து கேட்டார்கள். பரந்தன் சந்தியிலோ புதுக்குடியிருப்பிலோ சுருளுக்கு எங்கே போவது? இருக்கிறதை வைத்து இருமி இருமி இழுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர்ச் சுவை, புதினாச் சுவை என்று கருகலை மூடிக்கொண்டு இழுக்கிறவர்களும் உண்டு. கருகல் மணம் என்பது உங்களுக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை மணி. அதை மூடி மறைத்தால் மிச்சம் எதுவும் இல்லை.

இனி உங்கள் சுருளுக்கு என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். போன் திருத்துகிற கடை ஒன்றில் இப்படிக் கருகின ஒன்றைக் கழற்றி எனக்குக் காட்டினார்கள். வெள்ளையாய் இருக்கவேண்டிய பஞ்சு கடும் பழுப்பு. கம்பியைத் தொட்ட இடம் முழுக்கக் கறுப்பு, குண்டூசியால் தட்டத் தூளாய்க் கொட்டியது. கம்பியின் மேல் தடித்த கரிப்படை, நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. அந்தப் படை பெரும்பாலும் இனிப்பால் வருவது. மாம்பழம், ஸ்ரோபரி என்று வருகிற இனிப்புத் திரவங்களில் சுக்கிரலோஸ் போடுவார்கள். அது ஆவியாகாது, கம்பியிலேயே தங்கிக் கருகும். ஒழுங்காகப் பாவித்தாலும் ஒரு சுருள் ஒன்று, இரண்டு கிழமைதான் தாங்கும். இனிப்புத் திரவம் என்றால் அதற்கு முன்னமே முடியும். ஆகவே உங்களுடையது பழுதாகவில்லை, காலம் முடிந்துவிட்டது. பஞ்சு ஒருமுறை கரியானால் சுடுதண்ணீரில் கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் திரும்பாது. ஆஸ்பத்திரிப் பஞ்சை உருட்டி உள்ளே திணிக்கிற வேலையும் வேண்டாம்.

அதோடு ஓட்டோவில் ஓடுகிறவருக்கு வேறு ஒரு சங்கடமும் உண்டு. வேப்பை முன்னால் தட்டில் படுக்கப் போட்டிருப்பீர்கள். தாங்கியில் திரவம் குறைவாக இருக்கும்போது படுக்கப் போட்டால், பஞ்சுக்குத் திரவம் போகிற துளைகள் ஒரு பக்கம் வெளியே நிற்கும். சவாரி முடிந்து எடுத்து உடனே இழுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். அப்புறம் நம்முடைய வெயில். சித்திரை, வைகாசி வெயிலில் திரவம் இளகித் தண்ணீர்த்தன்மையாகி, அடித்துளையால் கசியும். நீங்கள் இழுத்துத்தான் குறைந்தது என்று நினைப்பீர்கள், பாதி கசிந்தே போயிருக்கும். சூட்டிலும் வெளிச்சத்திலும் நிக்கொட்டினும் கெட்டுத் திரவம் கபில நிறமாகும். மார்கழிக் குளிரில் நடப்பது எதிர்மாறு. கிளிசரின் கூடிய தடித்த திரவம் சின்னத் துளையால் வேகமாக இறங்காது, அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு ஈடுகொடுக்காது.

வாட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கைவைப்பது அதில்தான். சுருளின் உடம்பிலேயே எத்தனை ஓம், எத்தனை வாட்டுக்குள் பாவிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதில் கீழ் எண்ணில் தொடங்குவதுதான் முறை. புகை காணாது என்றால் காரணம் பெரும்பாலும் திரவம் வந்து சேராதது. வாட்டைக் கூட்டினால் வராத திரவம் வராது, சூடு மட்டும் வரும். வாட் மாற்றும் பொத்தானே இல்லாமல் பற்றரி நேரே சுருளுக்குப் போகிற மலிவான சாமான்களில் இன்னும் கவனம் தேவை. முழுக்கச் சார்ஜ் ஏறின லித்தியம் பற்றரி 4.2 வோல்ற்று. 1.2 ஓம் சுருளில் அது கிட்டத்தட்ட 15 வாட். அதே இடத்தில் 0.8 ஓம் சுருளை மாட்டினால் 22 வாட். கண்ணுக்கு இரண்டும் ஒரே சாமான், வெப்பம் ஒன்றரை மடங்கு. புதுச் சுருள் மாட்டுகிறவர்கள் பஞ்சின் மேல் சில துளி விட்டு, தாங்கியை நிரப்பி, பத்து நிமிடமாவது நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் முதல் இழுவை இழுக்கவேண்டும். இழுவைக்கு இழுவை அரை நிமிடம் விடவேண்டும். தாங்கியில் கால்வாசி இருக்கும்போதே திரும்ப நிரப்பவேண்டும். இவ்வளவையும் செய்தால் சுருளின் காலம் முடியும்வரை பெரும்பாலும் கருகாது. ஆனால் கருகாதது எல்லாம் பாதுகாப்பானதும் அல்ல, அதுதான் அடுத்த சங்கதி.

கிளிசரின், கேக் எசென்ஸ். இதில்தான் எனக்கு உண்மையில் பயம். வயிற்றுக்குச் சரியானது நெஞ்சுக்கும் சரி என்று நினைப்பது பெரிய பிழை. வயிற்றில் அமிலமும் நொதியமும் உண்டு, ஈரல் உண்டு. நுரையீரலில் காற்றுப்பைக்கும் இரத்தத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். பல எசென்ஸ்கள் எண்ணெயில் கரைத்தவை. எண்ணெய்த்துளி நுரையீரலுக்குள் போனால் அதை வெளியேற்றுவது லேசில்லை, அதைச் சுற்றி அழற்சி உண்டாகி நியுமோனியாவாகலாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கஞ்சா எண்ணெய் எதற்கும் இதுதான் பதில். வெண்ணெய் மணம் தருகிற டயசெற்றில் என்ற பொருள் சாப்பிட ஆபத்தில்லாதது. ஆனால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரியில் சோளப்பொரி ஆலைத் தொழிலாளர்கள் அதன் ஆவியைச் சுவாசித்துச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பாகி அடைபட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அந்த அடைப்பு திரும்பத் திறக்காது.

கிளிசரினிலும் தரம் என்று ஒன்று உண்டு. கிளிசரினிலும் புரோபிலீன் கிளைக்கோலிலும் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலப்படமாக வருவது இரசாயன உலகில் பழைய கதை. 2022இல் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவில் இந்த நஞ்சு கலந்த இருமல் பாணியோடு தொடர்புபடுத்தப்பட்டு எழுபது அளவில் பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அது மருந்து என்று போத்தலில் அடைத்து வந்த பாணி. தோலுக்குப் பூச விற்கிற போத்தலை எடுத்து நெஞ்சுக்குள் ஏற்றுவது பற்றி இதற்கு மேல் நான் சொல்லவேண்டியதில்லை.

2019இல் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்லவேண்டும். நல்ல திடகாத்திரமான இளம் பிள்ளைகள் மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பெப்ரவரி நடுப்பகுதிக்குள் 2,807 பேர் அனுமதிக்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் மட்டும் 68 பேர். பெரும்பாலானோர் பாவித்தது கஞ்சாச் சத்து ஏற்றின குப்பிகள், கடையில் அல்ல, நண்பர் மூலமோ தெருவிலோ வாங்கினவை. எண்ணெயைத் தடிப்பாகக் காட்ட அதில் விட்டமின் ஈ அசற்றேற்று கலந்திருந்தார்கள். தோலுக்குப் பூசுகிற கிறீமில் இருக்கிற, குளிசையாக விழுங்குகிற அதே பொருள். வன்னியில் இப்போது கைமாறுகிற சில குப்பிகளில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஆகவே வேப் இழுக்கிற ஒருவருக்குக் காய்ச்சல், இருமல், மூச்சு முட்டல், நெஞ்சு நோ, வாந்தி என்று வந்தால் வைத்தியரிடம் வேப்பைப் பற்றி வாய்திறந்து சொல்லவேண்டும். மழைக்காலத்தில் இங்கே இந்தக் குணங்குறிகளோடு போனால் டெங்கா எலிக்காய்ச்சலா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, சிகரட்டோடு ஒப்பிட்டால்? உண்மையை மறைக்க விரும்பவில்லை. சிகரட்டில் புகையிலை எரிகிறது. தாரும் காபன் மொனொக்சைட்டும் ஆயிரக்கணக்கான வேறு பொருட்களும் வருகின்றன. வேப்பில் எரிதல் இல்லை. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, வேப் சிகரட்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று சொன்னது. அந்த எண் எப்படி வந்தது என்று கேள்வி கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் வேறு வழியில் நிறுத்த முடியாத வளர்ந்தவர் ஒருவர் முழுக்க மாறினால் தீங்கு குறையும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. முழுக்க மாறினால் என்பதைக் கவனியுங்கள். காலையில் சிகரட், சவாரிக்கு இடையில் வேப் என்றால் இரண்டு கணக்கும் சேர்ந்துதான் ஏறும்.

மச்சான் லண்டனில் பார்ப்பது வேறு. அங்கே திரவத்தில் நிக்கொட்டின் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. போத்தல் 10 மில்லிலீற்றர், தாங்கி 2 மில்லிலீற்றர், அவ்வளவுதான். விட்டமின் சேர்க்கக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அரசுக்கு அறிவிக்காமல் விற்க முடியாது. ஒருமுறை பாவித்து எறிகிற வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். தீங்கு குறைவு என்ற பேச்சு இந்தக் கட்டுப்பாடுகளின் மேல் நிற்கிறது. மச்சானால் கருவியைக் கொண்டுவர முடிந்தது, கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடியாது. இங்கே 2016இல் வந்த ஒழுங்குவிதி புகையிலை அடங்கிய மின்சிகரட்டுகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. இங்கே கைமாறுவதில் பெரும்பகுதி பின்கதவால் வருவது, அதற்குப் பொறுப்பு நிற்க ஆள் இல்லை. என்னுடைய தீர்ப்பு இதுதான்: லண்டனில் மச்சானுக்கு இது சிகரட்டைவிட நல்ல தெரிவாக இருக்கலாம், கிளிநொச்சியில் உங்களுக்கு அப்படி இல்லை. சிகரட்டே குடிக்காத பொடியன்கள் இதைத் தொடுவதற்கு எந்த ஊரிலும் ஒரு நியாயமும் இல்லை. தொய்வு உள்ளவர்கள், போரில் பட்ட செல் துண்டோடு நெஞ்சில் இன்னும் நடமாடுகிறவர்கள், அவர்களுக்கு நான் வேறு கதை கதைக்கமாட்டேன், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பற்றரி பற்றிச் சுருக்கமாக. வெயிலில் பூட்டி நிற்கிற வாகனத்துக்குள்ளும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் லித்தியம் பற்றரியை வைக்காதீர்கள். போனுக்கு வாங்கின வேகச் சார்ஜரில் போடாதீர்கள், மெத்தைக்கு மேல் சார்ஜ் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். கழற்றிப் போடுகிற பற்றரியைச் சில்லறையோடும் திறப்போடும் காற்சட்டைப் பைக்குள் போடுவது கூடவே கூடாது, இரண்டு முனையையும் ஒரு நாணயம் தொட்டால் தொடையில் தீ. பழைய லப்ரொப்பில் இருந்து கழற்றின பற்றரியை ரோச் லைற்றுக்குப் போடுகிற மாதிரி இதற்குள் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரோச் லைற்று அல்ல, வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கிற சாமான்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மிச்சம் இருக்கிற திரவத்தை இன்றைக்கே எடுத்து உயரத்தில் பூட்டி வையுங்கள். மாம்பழ மணம் வருகிற சின்னப் போத்தலைப் பிள்ளை என்னவென்று நினைக்கும்? 20 மில்லிகிராம் வகை என்றால் ஒரு போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டின், ஒரு குழந்தைக்கு அதில் கொஞ்சமே போதும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், அல்லது உங்கள் ஓட்டோவிலேயே மாவட்ட வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். தோலில் பட்டாலும் நிக்கொட்டின் உள்ளே போகும், சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

மச்சானுக்கு எடுத்துச் சொல்லுங்கள், பொங்கலுக்கு வரும்போது திரவமும் வேண்டாம், சுருளும் வேண்டாம். அங்கே மருந்துக்கடைகளில் நிக்கொட்டின் ஒட்டுப்பட்டியும் சுவிங்கமும் வைத்தியர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். நிக்கொட்டின் தோலாலோ வாயாலோ போகிறது, நுரையீரலுக்குச் சூடும் இல்லை, கருகலும் இல்லை. ஆனால் அதிலும் பல அளவுகள் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துச் சிகரட்டுக்கு மேல் குடிப்பவருக்கு ஓர் அளவு, குறைவாகக் குடிப்பவருக்கு இன்னோர் அளவு. இருதய வருத்தம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆகவே வாங்கச் சொல்ல முன்னம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வைத்தியரிடம் கதையுங்கள். நாளுக்கு எத்தனை சிகரட், காலையில் எழும்பி எத்தனை நிமிடத்துக்குள் முதல் சிகரட் என்று இரண்டு கேள்வி கட்டாயம் வரும். இரண்டையும் ஒரு கிழமைக்குக் குறித்துக்கொண்டு போனீர்கள் என்றால், மச்சானுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சரியாகச் சொல்லிவிடலாம்.